மண்ணால் எழுந்த கோட்டை

1799-இல் இடித்தார்கள், 1801-இல் ஊரே சேர்ந்து எழுப்பியது. மறுபடியும் இடித்தார்கள், 1974-இல் அரசு கட்டியது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு இன்னும் ஒரு சுவர் பாக்கி இருக்கிறது.

1801 பிப்ரவரி. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உடன் இருந்தவர்களும் தப்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்களைத் தேடிக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார் மேஜர் மெக்காலே. ஒன்றரை வருடத்துக்கு முன் அதே கம்பெனி தரைமட்டமாக்கிவிட்டுப் போன இடம் அது. வெறும் பொட்டலைப் பார்க்கப் போகிறோம் என்று வந்த படைக்கு முன்னால் முழுசாக ஒரு கோட்டை நின்றது. சுவர் இருந்தது, கொத்தளம் இருந்தது, சுமார் 1,500 வீரர்கள் காவலுக்கு இருந்தார்கள். அந்தப் படையில் வந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-இல் வெளிவந்த தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் அன்றைய திகைப்பை ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஊர்ச்சனம் திரண்டு ஆறே நாளில் எழுப்பிய கோட்டை அது.

கட்டபொம்மன் கோட்டையின் முதல் நகல் அதுதான். ஒட்டப்பிடாரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இன்று நாம் போய்ப் பார்க்கிற நினைவுக் கோட்டை, 1974-இல் தமிழ்நாடு அரசு எழுப்பியது, இரண்டாவது. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் சிலர் வாசலில் நின்று, “இது ஒரிஜினல் இல்லையாமே” என்று சொல்லிவிட்டு ஏமாற்றத்தோடு வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏமாற்றம் தேவையில்லாதது. இந்தக் கோட்டையின் வரலாறே அது மறுபடி மறுபடி கட்டப்பட்ட வரலாறுதான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டாவது முறை கட்டியபோது எதைத் திரும்பக் கொண்டுவந்தோம், எதை விட்டுவிட்டோம்?

கொடை மேடையும் கோட்டை வாசலும்

எப்போதும்வென்றானில் பிறந்த பிள்ளைக்குக் கட்டபொம்மன் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுவார். மதுரை–தூத்துக்குடி சாலையில் ஒரு பக்கம் எட்டயபுரம். மறுபக்கம் குறுக்குச்சாலையில் பிரிந்து போனால் பாஞ்சாலங்குறிச்சி. இடையில் எங்கள் ஊர். கோயில் கொடை என்றால் மூன்று நாளைக்கு ரேடியோ செட் கட்டுவார்கள். வில்லுப்பாட்டு தொடங்கும்வரை, மதியம் முழுக்க, சிவாஜி நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஒலிச்சித்திரம்தான் ஓடும். குழாய் ஸ்பீக்கரைப் பனை மரத்தில் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். பருத்திக்காட்டில் நிற்கிற ஆளுக்கும் வசனம் தெளிவாகக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கத் திணறுகிற பையன்கூட அந்த வசனத்தை மூச்சுவிடாமல் சொல்வான்.

விளையாட்டும் அதுதான். துண்டை முதுகில் கட்டிக்கொண்டால் கட்டபொம்மன். உடைமரக் குச்சிதான் வாள். அவருடைய தளபதிகளான வெள்ளையத்தேவன் ஆவதற்கும் சுந்தரலிங்கம் ஆவதற்கும் போட்டி இருக்கும். கம்பெனியின் மேஜர் பானர்மேனாக வரக்கூட ஒருத்தன் சம்மதித்துவிடுவான். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து எட்டப்பனாக வர மட்டும் ஒருத்தனும் ஒத்துக்கொள்ளமாட்டான். கூட்டத்தில் ஆகச் சின்னப் பையன் தலையில் அது விழும். அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவான், ஆட்டம் கலைந்துவிடும். இத்தனைக்கும் பாரதி பிறந்த மண் எட்டயபுரம் என்று அதே வகுப்பில் பெருமையோடு படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு கதைகளும் இரண்டு பக்கத்துக் காற்றைப் போல எங்கள் மேல் வீசிக்கொண்டிருந்தன.

ஐப்பசியில் நாலு மழை விழுந்து கண்மாயில் தண்ணீர் ஏறியதும் கரையில் கோட்டை கட்டுவோம். கரிசல் மண்ணைக் குழைத்துச் சுவர் எடுத்தால் அன்றைக்குப் பார்க்க வழவழவென்று நிற்கும். வெயில் ஏற ஏறப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆச்சிதான் ஒருநாள் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். “வெறும் கரிசலை வச்சு எடுத்தா நிக்குமாலே? ஓடை மணலும் சரளும் கலந்து, கம்பந்தட்டையைப் பொடியா நறுக்கிப் போட்டு மிதி. ஒரு ராத்திரி புளிக்கட்டும். அப்புறம் எடு.” அப்படிச் செய்த சுவர் தை மாதம் வரைக்கும் நின்றது. அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள்: “கட்டபொம்மு கோட்டைன்னா கல்லுன்னா நினைக்கிய? அதுவும் இதே மண்ணுதான்.”

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு உலா கூட்டிப்போனார்கள். தூக்குவாளியில் புளிச்சோறு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, அடுத்தது கோட்டை. வாசலைக் கண்டதும் வரிசை கலைந்து ஓடினோம். சுவரைத் தொட்டுப் பார்த்தோம், வெயில் ஏறிச் சுட்டது. மண்டபத்தில் கட்டபொம்மன் சிலையையும், சுவரெங்கும் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்களையும் வாய் பிளந்து பார்த்தோம். எங்கள் கண்ணுக்கு அது அரண்மனையேதான். ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துப் பிள்ளைகள் ஐம்பது வருடமாக அந்த வாசல் வழியாகத்தான் வரலாற்றுக்குள் நுழைந்திருக்கிறார்கள். கரிசல் காட்டுப் பிள்ளைக்குத் தஞ்சாவூரும் மாமல்லபுரமும் எட்டாத தூரம். கையெட்டும் தூரத்தில், தன் ஊர்ப் பேச்சைப் பேசிய ஒருவரின் கோட்டை இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற தைரியம் பெரிது.

பீரங்கிக்கு மசியாத சுவர்

ஆச்சி சொன்னது சரி. வெல்ஷ் தரும் விவரப்படி, 1801-இல் அவர்கள் கண்ட கோட்டை ஒழுங்கற்ற நீள்சதுரம்; இரண்டு பக்கங்கள் சுமார் 500 அடி, மற்ற இரண்டும் சுமார் 300 அடி. சுவர் பெரும்பாலும் 12 அடி உயரம். சிறு சிறு சதுரக் கொத்தளங்கள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. முழுக்க முழுக்க மண். நன்றாக இறுகி ஒட்டிப் பிடித்த மண்.

மண் என்றதும் இளக்காரமாக நினைக்கத் தோன்றும். ஆனால் பீரங்கிக் காலத்தில் மண்சுவருக்கு ஒரு பலம் உண்டு. கல்சுவரில் குண்டு பட்டால் கல் பிளந்து சிதறும்; சிதறுகிற சில்லே உள்ளே நிற்பவனைக் கொல்லும். கெட்டியான மண்சுவரில் குண்டு புதைந்துபோகும். துளை விழுந்தாலும் இரவோடு இரவாக அதே மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம். ஏறி வருகிறவனை முள்வேலி தடுத்து நிறுத்தும். சுவருக்குப் பின்னாலிருந்து நீண்ட ஈட்டிகள் நீளும். காசும் கல்லும் இல்லாத வறண்ட பூமியில், இருக்கிற மண்ணையும் முள்ளையும் பனையையும் வைத்து யோசித்த போர்க்கலை அது.

சுவர் எடுக்கும் முறையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கையால் செய்து காட்டுவார்கள். மண்ணை வெட்டிக் குவித்து, நடுவில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு ஊறப்போட வேண்டும். நறுக்கிய தட்டையோ வரகு வைக்கோலோ கலந்து காலால் மிதிக்க வேண்டும். மிதித்த மண்ணை உருண்டை உருண்டையாகக் கைமாற்றி, ஓங்கி அறைந்து வரிசையாக வைப்பார்கள். முழங்கை உயரம் வந்ததும் நிறுத்திக் காயவிட வேண்டும். அது ஒரு படை. காய்ந்த பிறகு அடுத்த படை. வீட்டுச் சுவரை ‘அஞ்சு படை’, ‘ஆறு படை’ என்றுதான் கணக்குச் சொல்வார்கள். எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில், ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் நடுவில் நாலு விரல் பதிந்த தடம் தெரியும். வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. விரல் மட்டும் இருக்கிறது.

1801 பிப்ரவரியில் ஆறு நாளில் கோட்டை எழுந்த விந்தைக்கு இந்த முறையில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இடித்த கல்கட்டடத்தைத் திரும்பக் கட்டக் கொத்தன் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், வண்டி வண்டியாகக் கல் வேண்டும். இடித்த மண்சுவருக்கு அதெல்லாம் வேண்டாம். இடிந்த மண் அங்கேயே கிடந்தது. மழை ஓய்ந்து, வெயில் நன்றாக அடிக்கிற தை, மாசி மாதம். சம்சாரியாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் மண் மிதிக்கத் தெரியும், படை வைக்கத் தெரியும். ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்தால் அது நடக்கக்கூடிய காரியம்தான். ராஜா ஒருவர் ஆணையிட்டுச் சிற்பிகள் கட்டிய கோட்டை என்று அதை நினைத்தால் அந்த ஆறு நாள் நம்ப முடியாததாகத் தெரியும். சனங்கள் கட்டிய கோட்டை என்று நினைத்தால் நம்பலாம்.

இடித்தும் தீராத கோபம்

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. கம்பெனியின் அதிகாரிகள் சிலர் மாண்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் படை வருவதற்குள் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரை சிறைக்குப் போனார். கோட்டை இடிக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சிறை உடைந்தது, கோட்டை எழுந்தது. மெக்காலே மோதிப் பார்த்துப் பின்வாங்கினார். மார்ச் 31-ஆம் தேதி பெரும்படையோடு மீண்டும் வந்தும் அந்த மண்சுவரைத் தாண்ட முடியவில்லை. ஏறியவர்கள் ஈட்டியில் விழுந்தார்கள். கர்னல் அக்னியூ தலைமையில் கனமான பீரங்கிகள் வந்து, உடைப்பு உண்டாக்கி, மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. மண்கோட்டை ஒன்று, உலகின் ஆகப்பெரிய வணிகக் கம்பெனியின் படையை மூன்றரை மாதம் வெளியே நிறுத்திவைத்தது.

அன்று மாலை நடந்த ஒன்றை வெல்ஷ் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதை எழுத்துக்கு வெளியிலும் சொல்வார்கள். போர்க்களத்தில் மகனைத் தேடிப்போன ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த மகனைக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டு, அருகே அடிபட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேடி வந்த ஆட்களைக் கண்டதும் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்ற சொல்லுக்கு அஞ்சி வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஊமைத்துரை பிழைத்தார், சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். பிடிபட்ட பிறகு 1801 நவம்பர் 16-ஆம் தேதி, பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள்.

கோட்டை விழுந்ததோடு கம்பெனியின் கோபம் அடங்கவில்லை. சுவரை மண்ணோடு மண்ணாக்கினார்கள். அந்த நிலத்தை ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே ஜில்லாப் பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொன்னார்கள். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாண்டிச் சீமை முழுக்க ஆயுதங்களைப் பறித்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் தகர்க்கப்பட்டன. கரிசல் காட்டில் இன்று ‘கோட்டைமேடு’ என்று பெயர் மட்டும் மிஞ்சி, மேல் முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடக்கும் திரடுகளைப் பார்த்தால், அவை எப்படித் திரடுகளாயின என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதே மண்ணில் கம்பெனி வீரர்களின் கல்லறைகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். அவை இன்றும் இருக்கின்றன. அவற்றை யாரும் இடிக்கவில்லை, இடிக்கவும் கூடாது. அங்கே கிடப்பவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். ஆனால் வந்தவனின் கல்லறை நிலைத்து, இருந்தவனின் சுவர் அழிந்த அந்த நூற்றெழுபது வருடங்களை நினைத்துப் பார்த்தால்தான், 1974-இல் எழுந்த கோட்டையின் அருமை விளங்கும்.

பாட்டும் கல்லும் படமும்

சுவர் இல்லாத காலத்தில் கோட்டையைக் காப்பாற்றியவை வேறு. முதலில் பாட்டு. கட்டபொம்மு கதைப்பாடலும் கூத்தும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடந்தன. பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து அச்சில் ஏற்றினார். அடுத்தது ஆட்டம். உறுமி முழங்க, கட்டபொம்மனின் சமூகமான ராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்தை ஜமீன் கோடாங்கிபட்டியில் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கைத்துண்டு வீச்சிலும் கால் வைப்பிலும் ஒரு படை நகர்வது தெரியும்.

மூன்றாவது, கயத்தாறு. தூக்கிலிட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுக் குவியல் ஆக்கினார்கள். சிலை வைக்க உரிமை இல்லாத, பெயரைச் சொல்லவே பயந்த காலத்தில் ஏழை சனங்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் அந்தக் கற்குவியல். வண்டி ஓட்டிப் போகிறவர் இறங்கி ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது. பின்னால் நடிகர் சிவாஜி கணேசன் அங்கே தன் செலவில் நிலம் வாங்கி, 1970-இல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார்.

நான்காவது, அந்தப் படம். ம.பொ.சி. கட்டபொம்மனைத் தமிழர் மேடையிலும் அச்சிலும் நிலைநிறுத்தினார், சக்தி டி.கே. கிருஷ்ணசாமி நாடகமாக எழுதினார், பி.ஆர். பந்துலு 1959-இல் படமாக்கினார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கட்டபொம்மனைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தப் படத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் படம் நம் மனதில் ஒரு கோட்டையையும் கட்டிவிட்டது. அதன் போர்க்காட்சிகளை எடுத்தது ஜெய்ப்பூரில். ராஜஸ்தானத்து வெளியும் கோட்டைகளும், உயர்ந்த தூண்கள் வைத்த தர்பார் அரங்கமும் சேர்ந்து, பாஞ்சாலங்குறிச்சி என்றாலே தமிழன் கண்ணில் கல்லும் பளிங்கும் தெரியும்படி ஆகிவிட்டது.

1974: பெயரைத் திரும்ப எழுதிய வருடம்

1968–69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு செய்தது. கட்டபொம்மன் அரண்மனையின் அடித்தளம் வெளிப்பட்டது. உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்லப்பட்ட பூமிக்கு அடியில் அரண்மனை தன் தடத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. அந்த எச்சங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்ட இடமாக இருக்கின்றன.

அதற்குப் பக்கத்திலேயே 1974-இல் முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு நினைவுக் கோட்டையை எழுப்பியது. அந்தக் காலத்தோடு சேர்த்து இதைப் பார்க்க வேண்டும். 1973-இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்தது; கடல்கொண்ட நகரத்துக்குக் கரையில் ஒரு மறுபிறப்பு. 1976-இல் சென்னையில் வள்ளுவர் கோட்டம். திருவாரூர்த் தேரைப் போலவே கல்லில் ஒரு தேர். இழந்ததையும் எட்டாத தூரத்தில் இருப்பதையும் கட்டடமாகக் கண்முன் நிறுத்திவிட வேண்டும் என்று தமிழகம் துடித்த வருடங்கள் அவை. இந்த மூன்றில் பாஞ்சாலங்குறிச்சிக்குத் தனி நியாயம் உண்டு. பூம்புகாரை எடுத்துக்கொண்டது கடல். பாஞ்சாலங்குறிச்சியை ஓர் அரசாங்கம் உத்தரவு போட்டு அழித்தது. அதே இடத்தில் இன்னோர் அரசாங்கம் வாசல் வைத்து, அதே பெயரைப் பெரிதாக எழுதியபோது, பதிவேட்டில் அடித்த பெயர் பதிவேட்டுக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி திரும்பி வந்தது.

கோட்டைக்குள்ளேயே கட்டபொம்மன் குலதெய்வமான வீரசக்கதேவி கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் அங்கே திருவிழா. பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓட்டமாக வருவார்கள். சாலையெல்லாம் வண்டியும் கொடியும் காவலுமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஒருவரிடமும் இந்தக் கோட்டை நகல் என்ற நினைப்பு இருக்காது. சாமி இருக்கிற இடம் நகலாக முடியாது அல்லவா? நாற்பத்தொன்பது முறை கோயில் இடிந்தாலும் ஐம்பதாவது முறை குடமுழுக்குச் செய்து அதே சாமி என்று கும்பிடுகிற சனம் நாம். கட்டடம் மாறும், இடமும் பெயரும் வழிபாடும் தொடரும்.

உலகம் இதை எப்படிச் செய்தது

இழந்ததைத் திரும்பக் கட்டுவது நம் ஆசை மட்டும் இல்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. புத்தகங்களில் பல திரும்பி வரவே முடியாதவை, ஓலைச்சுவடிகள் உட்பட. ஆனாலும் கட்டடத்தைப் பழைய சாயலிலேயே எழுப்பினார்கள். இன்று அதன் முன் நிற்கிற ஒருவர் அதை நகல் என்று நினைக்கமாட்டார். எரித்தவர்களுக்கான பதில் என்றுதான் நினைப்பார்.

போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தை 1944-இல் ஜெர்மானியப் படை வீடு வீடாகத் தகர்த்தது. போர் முடிந்ததும் மக்கள் அதே தெருக்களை அதே முகப்புகளோடு திரும்பக் கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற ஓவியர் வரைந்துவைத்த நகரக் காட்சிகளையும் அளவுக்குத் துணையாக வைத்துக்கொண்டார்கள். 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. திரும்பக் கட்டிய செயலுக்குக் கிடைத்த மரியாதை அது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மாலி நாட்டின் ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளிவாசல் முழுக்க மண்ணால் ஆனது. இப்போதைய கட்டடம் 1907-இல் எழுந்தது. மழையும் வெயிலும் அதை ஒவ்வொரு வருடமும் கரைக்கும், வெடிக்கவைக்கும். ஒவ்வொரு வருடமும் ஊரே திரண்டு, ஆற்று மண்ணை உமியோடு புளிக்கவைத்துக் குழைத்து, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளில் ஏறி, முழுக் கட்டடத்துக்கும் புதுப் பூச்சு பூசுகிறது. சிறுவர்கள் மண் மிதிக்கிறார்கள், பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள், கொத்தர்கள் பூசுகிறார்கள். அது அந்த ஊருக்குத் திருவிழா. மண்ணும் உமியும் பனையும்! நம் கரிசல் காட்டுப் பொருள்கள்தான் அத்தனையும்.

ஒரு சுவர் வேண்டும்

1974-இல் திரும்பி வந்தவை பெயரும் பெருமையும். விட்டுப்போனது மண். இன்று கோட்டைக்குள் நுழைகிற பிள்ளை கட்டபொம்மனின் வீரத்தைப் பார்த்துவிட்டு வருகிறது. 1801-இல் மண் மிதித்தவர்களை, தட்டை நறுக்கியவர்களை, உருண்டை கைமாற்றியவர்களைப் பார்க்காமலே வருகிறது. பெயர் தெரியாத அந்த ஆயிரம் பேர்தான் அந்தப் பிள்ளையின் பாட்டன் பூட்டன்கள். ராஜா ஒருவர்தான் இருக்க முடியும்; சுவர் எடுத்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். அந்தக் கதை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே கேட்கிறேன்: பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு மண்சுவர் எழட்டும். முழுக் கோட்டை வேண்டாம். தொல்லியல் எச்சங்களுக்கு ஊறு வராத ஓர் இடத்தில், வெல்ஷ் குறித்த 12 அடி உயரத்தில், முப்பது நாற்பது அடி நீளத்துக்கு ஒரு துண்டுச் சுவர், ஒரு கொத்தளம், சுற்றிலும் உடைமுள் வேலி. பக்கத்தில் மண் குழைக்கிற ஒரு குழி. தை அறுப்பு முடிந்த பிறகு, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், எப்போதும்வென்றான், கவர்னகிரிப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வந்து மண் மிதித்து, மழையில் கரைந்த இடத்தைத் தங்கள் கையாலேயே பூசட்டும். சுந்தரலிங்கத்தின் ஊரும் வ.உ.சி.யின் ஊரும் பாரதியின் ஊரும் ஒரே சுவரில் கை வைக்க ஒரு நாள் கிடைக்கும். சாதிக்கொரு தலைவர், தலைவருக்கொரு விழா என்று பிரிந்து கிடக்கிற வட்டாரத்துக்கு அப்படி ஒரு நாள் மிகவும் தேவை. கோட்டையைக் காத்தவர்கள் ஒரே சாதிக்காரர்கள் இல்லை என்பது வரலாறு. சுவரில் பதிகிற கைத்தடத்தைப் பார்த்து யாரும் சாதி சொல்ல முடியாது.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மண்வீடுகள் அநேகமாகப் போய்விட்டன. தொகுப்பு வீடுகளும் கான்கிரீட் கூரைகளும் வந்தன. மழைக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அவை நல்ல காரியம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எந்த ஓடையின் மண் ஒட்டும், எந்தச் சரள் எவ்வளவு சேர்க்க வேண்டும், எத்தனை நாள் புளித்தால் பதம், படை காய்ந்தது என்று எப்படித் தெரியும் என்பதெல்லாம் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் கையில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அவர்கள் யாரும் அதை எழுதிவைக்கவில்லை. கேட்டால் வெட்கப்பட்டு, “இதெல்லாம் ஒரு வேலையா சாமி” என்பார்கள். கம்பெனிப் படையைத் திகைக்கவைத்த வேலை அதுதான் என்று அவர்களிடம் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

செலவு பெரிதில்லை. நினைவுக் கோட்டைக்கு ஒதுக்குகிற பராமரிப்புப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். அளவையும் இடத்தையும் தொல்லியல் துறை சொல்லட்டும். மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுக்கட்டும். பள்ளிக் கல்வித் துறை பிள்ளைகளை அனுப்பட்டும். மண் பதம் தெரிந்த பெரியவர்களுக்கு நல்ல கூலியும், மேடையில் முதல் நாற்காலியும், சுவருக்குப் பக்கத்தில் தங்கள் பெயர் பொறித்த ஒரு பலகையும் கிடைக்கட்டும். 1801-இல் சுவர் எடுத்தவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்த முறை எடுப்பவர்களின் பெயர்களையாவது எழுதிவைப்போம்.